டெல்டாவில் பிளாஸ்டிக் மாடல் கட்டுவோருக்கு: எந்தக் கம்பெனி, எந்த அச்சு?

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 அன்று 222-ஆம் ஸ்குவாட்ரன் சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களோடு நிலைகொண்டது. புதுக்கோட்டைச் சாலைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அந்த இரைச்சல் பழகிவிட்டது. பிள்ளைகளுக்கோ ஆசை பிறந்துவிட்டது. அதைச் சின்ன அளவில் கட்டி அலமாரியில் வைக்க வேண்டும் என்று தேடத் தொடங்கினால் டமியா, ஏர்ஃபிக்ஸ், ரெவெல், ஸ்வெஸ்டா, எடுவார்ட், டிரம்ப்பீட்டர் என்று பெயர்கள் வரிசை கட்டுகின்றன. எல்லோரும் கேட்பது ‘எந்தக் கம்பெனி நல்லது’ என்பதைத்தான். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது: பெட்டிக்குள் இருக்கும் பாகங்களை வார்த்த அச்சு எந்த வருஷத்தது?

சுவாமிமலையில் ஸ்தபதி மெழுகு உருவின்மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, உலோகம் ஊற்றி ஆறியதும் அச்சை உடைத்துவிடுவார். அடுத்த சிலைக்குப் புது அச்சு. பிளாஸ்டிக் கிட் இதற்கு நேர் எதிர். எஃகில் ஒரு தடவை வெட்டிய அச்சுக்குள் உருகிய பாலிஸ்டைரீனை அழுத்தத்தோடு செலுத்தி, அதே அச்சில் பல பத்தாண்டுகள் வார்த்துக்கொண்டே இருக்கலாம். அச்சு தேயத் தேய இரண்டு பாதிகளும் சரியாக மூடாது. அந்த இடுக்கில் பிளாஸ்டிக் கசிந்து ஓரமெல்லாம் பிசிர் அடிக்கும். 1960, 70-களில் வெட்டிய அச்சுகளில் இன்னொரு குறையும் உண்டு: இறக்கையின் தகட்டுக் கோடுகள் (அசல் விமானத்தில் உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டுபவை) பள்ளமாக இல்லாமல் மேலே புடைத்து நிற்கும். பொருத்தைத் தேய்த்துச் சமன் செய்யும்போது அந்தக் கோடுகளும் சேர்ந்து அழிந்துபோகும். பள்ளக் கோடாக இருந்தால் ஊசியால் மறுபடி கீறிக்கொள்ளலாம்.

பழைய அச்சில் வார்த்ததைப் புதுப் படம் போட்ட பெட்டியில் விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். ஏர்ஃபிக்ஸ் இப்போது தன் பழைய அச்சுகளை ‘விண்டேஜ் கிளாசிக்ஸ்’ என்று பெட்டியிலேயே பிரித்துக் காட்டுகிறது, அந்த மட்டில் நேர்மை. ரெவெல்லில் அப்படிக் கண்டுகொள்வது கடினம். அதன் பெட்டிக்குள் சொந்த அச்சும் இருக்கலாம், மேட்ச்பாக்ஸின் பழைய அச்சும் இருக்கலாம், ஹசெகாவா, ஐ.சி.எம்., ஸ்வெஸ்டா வார்த்ததும் இருக்கலாம். ஒரே விலை அடுக்கில் அருமையான கிட்டும் அறுபதுகளின் கிட்டும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். வாங்குமுன் ‘ஸ்கேல்மேட்ஸ்’ தளத்தில் பெட்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். அச்சு முதலில் வந்த வருஷமும், பிறகு எந்தெந்தப் பெட்டியில் மாறி மாறி வந்தது என்பதும் ஒரு கோட்டுப் படமாகத் தெரியும். இரண்டு நிமிட வேலை, பணம் மிச்சம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கம்பெனிகளுக்கு வருவோம்.

பொருத்தம் என்று பார்த்தால் டமியாவுக்கு நிகர் குறைவு. ஜப்பானின் ஷிசுவோகாவில் 1946-இல் மரக் கம்பெனியாகத் தொடங்கி, 1960-இல் பிளாஸ்டிக் மாடலுக்கு வந்தவர்கள். 2018-இல் வந்த அவர்களது 1/48, அதாவது அசலில் 48-இல் ஒரு பங்கு அளவுள்ள, ஸ்பிட்ஃபயர் மார்க் 1 (இரண்டாம் உலகப்போர்க் காலப் பிரிட்டிஷ் போர் விமானம்) கிட்டைப் பிரித்துப் பார்த்தால் இந்தக் கம்பெனி எப்படி யோசிக்கிறது என்பது புரியும். இறக்கையும் உடலும் சேரும் இடம், அசல் விமானத்திலேயே தகட்டுக் கோடு ஓடும் இடத்தில் வருமாறு பாகங்களைப் பிரித்திருக்கிறார்கள். அதனால் பட்டி வைத்துத் தேய்க்கும் வேலை ஏறக்குறைய இல்லை. பாகத்தை, அது வார்ந்து வரும் சட்டத்தோடு இணைக்கும் காம்புகள் பெரும்பாலும் ஒட்டும் பக்கத்தில் மறைந்திருக்கும். பிளாஸ்டிக்கும் நடுத்தரக் கடினம், கத்திக்கு ஒழுங்காக அடங்கும். குறை டெகாலில்தான், அதாவது தண்ணீரில் ஊறவைத்து ஒட்டும் அடையாளப் படங்களில். கொஞ்சம் தடிமனாக இருக்கும், மென்மையாக்கும் கரைசல் இல்லாமல் வளைவுகளில் படியாது. இந்திய விமானங்களும் அவர்கள் பட்டியலில் அதிகம் இல்லை. தரைப்படைப் பக்கம் 1/35 அளவில் டி-72 எம்1 டாங்க் இருக்கிறது. நம் ராணுவத்தின் ‘அஜேயா’ அந்த வகைதான். 1990 வாக்கில் வெட்டிய அச்சு, இன்றும் பொருத்தம் குறையவில்லை. வயதான அச்சு எல்லாமே மோசம் என்று ஒதுக்க வேண்டாம் என்பதற்கு இது சாட்சி. அச்சின் வயதோடு, வெட்டியது யார் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஏர்ஃபிக்ஸ் இங்கிலாந்துக் கம்பெனி. 2006-இல் ஹார்ன்பி வாங்கியது. அதற்குப் பின் வெட்டிய புது அச்சுகள் நம்பிக்கையோடு வாங்கத்தக்கவை. 2010-களில் வந்த பல பெட்டிகளில் ‘மேட் இன் இந்தியா’ என்றே இருக்கும். வடிவம் துல்லியம். டெகால் பெரும்பாலும் இத்தாலியின் கார்ட்டோகிராஃப் அச்சிட்டது, மெல்லியது, நிறம் பிசகாது. பிளாஸ்டிக் மட்டும் மிருதுவானது. பாகத்தைச் சட்டத்திலிருந்து வெட்டும் நிப்பரை அவசரமாக அழுத்தினால் சின்னப் பாகம் வளையும். காம்புகள் தடிமன். தடித்த பாகங்களில் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கி ஏற்படும் குழியும் சில சமயம் உண்டு, பட்டி வைத்துத் தேய்த்தால் சரியாகும். தகட்டுக் கோடுகள் 1/72-க்குக் கொஞ்சம் ஆழம். முதல் முறை கட்டுபவருக்கு இந்த ஆழம் உண்மையில் உதவிதான், தூரிகையால் இரண்டு மூன்று பூச்சு அடித்தாலும் கோடு மூடிப்போகாது. கொடுக்கும் காசுக்குக் கிடைப்பது என்று பார்த்தால், 1/72 அளவில் முதல் விமானமாக ஏர்ஃபிக்ஸின் புது அச்சு ஸ்பிட்ஃபயரைத்தான் சிபாரிசு செய்வோம். இறக்கை விரிவு 15.6 செ.மீ., உள்ளங்கையில் அடங்கும். பாகங்கள் குறைவு, ஒரு சனி ஞாயிறில் உருவம் நின்றுவிடும். அதே விமானம் 1/48-இல் 23.4 செ.மீ., 1/32-இல் 35 செ.மீ. எனப் பெருகும்.

எடுவார்ட் செக் நாட்டுக் கம்பெனி, 1989-இல் தொடங்கியது. நுணுக்கத்தில் டமியாவையும் தாண்டும். 1/48 மிக்-21 கிட்டில் ஆணி வரிசைகூட நூல்போல் ஓடும். ஆனால் பாகங்கள் அதிகம், பிளாஸ்டிக் சற்று உடையக்கூடியது, ஒரு பாகத்தைச் சாய்வாக ஒட்டினால் அந்தப் பிழை நாலு படி தாண்டி இறக்கையில் வந்து நிற்கும். ஒவ்வொரு படியிலும் பசையில்லாமல் பொருத்திப் பார்த்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஒரே கிட்டை இரண்டு விதமாக விற்கிறார்கள். ‘புரோஃபிபேக்’கில் அமிலத்தால் அரித்தெடுத்த பித்தளைத் தகடும், கண்ணாடியில் பெயிண்ட் படாமல் காக்கும் மறைப்பு ஸ்டிக்கரும் சேர்ந்து வரும். ‘வீக்எண்ட்’ பெட்டியில் இவை குறைவு, விலையும் குறைவு. பித்தளைத் தகடு பிளாஸ்டிக் பசையில் ஒட்டாது, ஃபெவிக்விக் வகைதான் வேண்டும், கை நடுங்கக் கூடாது. இரண்டு மூன்று கிட் கட்டிப் பழகும் வரை வீக்எண்ட் போதும்.

ஹசெகாவா 1/72, 1/48 ஜெட் விமானங்களில் மேற்பரப்பு வேலைக்குப் பெயர் பெற்றது. வாங்குபவர் கவனிக்க வேண்டியது ஒன்று: பெரும்பாலான நவீனப் போர் விமானப் பெட்டிகளில் ஏவுகணை, குண்டுகள் இருக்காது. அவை தனிப் பெட்டி. படத்தில் தொங்கும் ஏவுகணையைப் பார்த்து வாங்கி ஏமாறுவோர் உண்டு. விலையை ஒப்பிடும்போது இரண்டு பெட்டியையும் கூட்டிப் பாருங்கள்.

டிரம்ப்பீட்டரும் ஹாபிபாஸும் ஒரே குடும்பத்துச் சீனக் கம்பெனிகள். பெட்டிக்குள் பிளாஸ்டிக் நிறைய இருக்கும், வார்ப்பும் சுத்தம். வடிவத் துல்லியம்தான் கிட்டுக்குக் கிட் மாறும். சிலவற்றில் ஆணிக் குழிகள் அம்மை வடுபோல் பெரிதாக இருக்கும். ஹாபிபாஸின் 1/72 ‘ஈஸி அசெம்ப்ளி’ வரிசை வேறு ரகம். உடல் ஏறக்குறைய ஒரே கட்டியாக வரும், முளையைத் துளையில் அழுத்தினால் போதும். விமானியறைக்குள் விவரம் இருக்காது, ஆனால் பத்து வயதுப் பிள்ளையும் முடித்துவிடும்.

பிள்ளைகள் என்றதும் பண்டாயைச் சொல்லியாக வேண்டும். குண்டம் ரோபோ வரிசைதான் அவர்களது அடையாளம். பாகங்கள் நிறத்திலேயே வார்த்து வரும், பசை வேண்டாம், பெயிண்ட் வேண்டாம். 1/144 எச்.ஜி. (ஹை கிரேடு) வகை ரோபோ ஒன்று 13 செ.மீ. உயரம் நிற்கும். பெயிண்ட், பசை, தின்னர் செலவு முழுக்க மிச்சமாவதால், மொத்தச் செலவில் இதைவிட மலிவான நல்ல தொடக்கம் இல்லை. போலி மட்டும் எக்கச்சக்கம். பாதி விலைக்குக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள். போலியில் பிளாஸ்டிக் மிருதுவாகவும் மூட்டுகள் தளர்வாகவும் இருக்கும், கையைத் தூக்கி வைத்தால் நிற்காது.

இனி நம் ஆசைக்கு, சுகோய்க்கு வருவோம். 1/72 அளவில் ரஷ்யக் கம்பெனியான ஸ்வெஸ்டாவின் சுகோய்-30 எஸ்.எம். கிட்தான் நடைமுறையில் சரியான தேர்வு. எஸ்.எம். வகையே நம் எம்.கே.ஐ.-யிலிருந்து பிறந்தது. விமானியறைக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கும் சிறு முன்னிறக்கைகளும், திசை திருப்பும் எஞ்சின் வாய்களும் இரண்டிலும் உண்டு. டிரம்ப்பீட்டரின் சுகோய்-30 எம்.கே.கே. பெட்டி கண்ணில் பட்டால் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். அது சீனாவுக்குப் போன வகை, முன்னிறக்கை கிடையாது, எஞ்சின் வாயும் வேறு. அதை எம்.கே.ஐ. ஆக்குவது வீண் உழைப்பு.

ஸ்வெஸ்டா கிட்டில் வருவது ரஷ்ய அடையாளங்கள். காவி, வெள்ளை, பச்சை வட்டங்களுக்கும் வால் பட்டைக்கும் தனி டெகால் தாள் வாங்க வேண்டும், வாங்குமுன் 1/72 தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரம்மோஸ் ஏவுகணையும் பெட்டியில் இல்லை. கட்டி முடித்தால் நீளம் 30 செ.மீ.க்கு மேல், இறக்கை விரிவு 20 செ.மீ. இதே விமானம் 1/48-இல் 46 செ.மீ. நீளம், வீட்டு ஷோகேஸில் பெரும்பாலும் நுழையாது. மேல்பரப்பு முழுக்கப் பெரிய, ஒரே சாம்பல் நிறப் பரப்பு என்பதால் தூரிகைத் தடம் அப்பட்டமாகத் தெரியும். ஸ்ப்ரே டின்னோ, காற்றழுத்தத்தில் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ்ஷோ தேவை. இதனால்தான் சுகோயை முதல் கிட்டாக எடுக்க வேண்டாம் என்கிறோம். மூன்றாவதாக எடுங்கள்.

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற மிக்-21 மீது பலருக்கும் ஆசை. 1/48-இல் எடுவார்டின் மிக்-21 பிஸ் வகைக் கிட்டை யோசிக்காமல் வாங்கலாம். இறக்கை விரிவு 15 செ.மீ.தான், இடம் அடைக்காது. ஜெட் என்றால் பெரிது என்று 1/72-க்குப் போகத் தேவையில்லை. 1/72-இல் அதன் விரிவு 10 செ.மீ.கூட இல்லை, சின்னக் கைகளுக்கே சிறியது.

நம் விமானப்படையில் பறந்த சிறிய போர் விமானமான நேட் விஷயத்தில் ஒரு தப்பு அடிக்கடி நடக்கிறது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் போரிட்டு உயிர் நீத்து, பரம்வீர் சக்ரா பெற்ற ஃபிளையிங் ஆபீசர் நிர்மல் ஜித் சிங் செகோன் ஓட்டிய விமானத்தைக் கட்ட நினைத்து, ஏர்ஃபிக்ஸின் நேட் வாங்கிவிடுகிறார்கள். அது டி.1, இரண்டு இருக்கைப் பயிற்சி விமானம், உடல் நீளம். நம் படையில் பறந்தது ஒற்றை இருக்கை எஃப்.1. அதற்கு ஸ்பெஷல் ஹாபியின் 1/72 கிட் இருக்கிறது, நேட்டிலிருந்து இந்தியாவில் உருவான ‘அஜீத்’தையும் அதே கம்பெனி தருகிறது. ஆனால் ஸ்பெஷல் ஹாபி கிட்களில் பாகங்களைப் பொருத்தும் முளைகள் குறைவு. இறக்கையை நேராக நிறுத்துவது உங்கள் கண்ணும் கையும் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை.

விலை ஏன் இப்படி என்று கேட்பவர்களுக்கு: சுங்கப் பட்டியலில் அளவு மாடல்களும் பொம்மைகளும் ஒரே 9503 தலைப்பின் கீழ் வருகின்றன. பொம்மைக்கான இறக்குமதித் தீர்வை 2020 பட்ஜெட்டில் 20-லிருந்து 60 சதவீதமாகவும், 2023-இல் 70 சதவீதமாகவும் ஏறியது. 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு பி.ஐ.எஸ். சான்றும் கட்டாயம். அதனால் ஒரே பெட்டிக்கு இரண்டு விற்பனையாளரிடம் பெரிய விலை வித்தியாசம் இருப்பது சகஜம், மூன்று இடத்திலாவது பாருங்கள். சிங்கப்பூரிலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ திருச்சி வழியாக ஊருக்கு வரும் உறவினர் இருந்தால் டமியா, பண்டாய், ஹசெகாவா பெட்டிகளை அவர்களிடம் சொல்லி வாங்குவது நல்ல வழி. கிட் மட்டும்தான் சொல்லுங்கள். பசை, தின்னர், எனாமல் பெயிண்ட், ஸ்ப்ரே டின் எல்லாம் தீப்பிடிக்கும் பொருள், விமானத்தில் ஏற்றக் கூடாது. அவற்றை உள்நாட்டில் தரைவழிக் கூரியரில்தான் வரவழைக்க வேண்டும்.

கிட்டின் விலையோடு செலவு முடிவதில்லை. ஒரு ஸ்பிட்ஃபயருக்கே ஐந்தாறு நிறம் வேண்டும். பசை, கத்தி, நிப்பர் எல்லாம் கூட்டினால் முதல் தடவைச் செலவு கிட் விலையைத் தாண்டிவிடும். இங்கே டெல்டாவில் நமக்கு ஒரு வசதி உண்டு. கும்பகோணம், தஞ்சாவூரில் நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடைகளில் சாமணமும் ஊசி அரமும் தரமாகக் கிடைக்கும், மாடல் கம்பெனி முத்திரை போட்டதைவிட மலிவு. தஞ்சாவூர் ஓவியம் வரைவோர் வாங்கும் கடைகளில் 0, 000 எண் தூரிகைகள் உண்டு. மூன்று சக்கர ஜெட் விமானங்கள் வாலில் குந்திவிடாமல் இருக்க மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். எத்தனை கிராம் என்று பெரும்பாலும் கிட் தாளிலேயே இருக்கும். அதற்குத் தூண்டில் ஈயக்குண்டு போதும், நாகப்பட்டினத்தில் எந்த மீன்பிடிச் சாமான் கடையிலும் உண்டு. உடலின் இரு பாதியை ஒட்டுமுன் வைத்துவிடுங்கள், பிறகு வழியில்லை.

பசையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். டமியாவின் 40 மி.லி. எக்ஸ்ட்ரா தின், பொருத்தில் தூரிகையைத் தொட்டாலே இடுக்கில் ஓடிப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும். வெறும் அசிட்டோன் சீக்கிரம் ஆவியாகி மேற்பரப்பைப் புண்ணாக்கும். ரெவெல்லின் ஊசிமுனைக் குப்பி நல்ல மாற்று, தடித்த பாகங்களுக்கு அதுவே மேல். விமானிக் கண்ணாடிக்கு இவை எதுவும் ஆகாது. ஃபெவிக்விக்கின் ஆவி பட்டால் கண்ணாடி வெள்ளையாக மங்கிவிடும். வெள்ளை ஃபெவிகால் எம்.ஆர். மெல்லிய கோடாக வைத்தால் காய்ந்ததும் தெளிவாகிவிடும், பிசகினால் ஈரத்துணியால் துடைத்தும் விடலாம். லாரிப் பட்டறை என்.சி. பட்டியும் கார் ப்ரைமர் ஸ்ப்ரேயும் வேலை செய்யும், ஆனால் அவற்றின் தின்னர் வீரியமானது, பிளாஸ்டிக்கை அரிக்கும். முதலில் மிச்சமான சட்டத்தில் அடித்துப் பாருங்கள். எட்ட நின்று, தூறல்போல மெல்லிய பூச்சாக அடித்தால் பிளாஸ்டிக் வெடிக்காது.

பெயிண்ட் தேர்வில் நம் பருவம் குறுக்கே வரும். டமியா அக்ரிலிக் ஏர்பிரஷ்ஷுக்கு மிக நல்லது, தூரிகைக்கு அல்ல. சித்திரை வெயிலில் தூரிகை பாதி இறக்கை போவதற்குள் காய்ந்து, இரண்டாம் பூச்சு முதல் பூச்சை இழுத்துக் கிழிக்கும். தூரிகைக்காரர்களுக்கு வல்லெஹோ அல்லது ரெவெல் அக்வா போன்ற தண்ணீர் பெயிண்ட்தான் பொருந்தும். மெல்லியதாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் நன்கு காய்ந்த பின். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை. லாக்கர் வகைப் பெயிண்ட் அடித்தால் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெள்ளை படரும். அன்று ஸ்ப்ரே டின்னைத் தொடாதீர்கள். ஒட்டும் வேலை, தேய்க்கும் வேலையை வைத்துக்கொண்டு வெயில் காய்ந்த பிற்பகலுக்குக் காத்திருங்கள்.

டெகால் ஒட்டுமுன் பளபளப்பு வார்னிஷ் ஒரு பூச்சு வேண்டும். சொரசொரப்பான மேட் பரப்பில் ஒட்டினால் அடியில் காற்று தங்கி வெள்ளி போல் மினுங்கும். ஊறவைக்கும் தண்ணீரும் முக்கியம். வேதாரண்யம், நாகை பக்கத்து உப்புத் தண்ணீர் மட்டுமல்ல, உள்ளூர் போர்வெல் தண்ணீரும் காய்ந்தால் வெண்கறை விடும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் ஒரு பாட்டில் வாங்கினால் பல கிட்டுக்கு வரும்.

பெட்டி வந்த அன்றே பிரித்து, தாளில் உள்ள படத்தோடு சட்டங்களை எண்ணிச் சரிபாருங்கள். கண்ணாடிப் பாகத்தில் கீறல் இருக்கிறதா, பிளாஸ்டிக் முழுதாக நிரம்பாமல் பாகத்தின் முனை குட்டையாக நிற்கிறதா, இறக்கை முறுக்கியிருக்கிறதா என்று பார்த்து, திருப்பி அனுப்பும் கெடு முடியுமுன் விற்பவரிடம் சொல்லுங்கள். லேசான முறுக்கலுக்குத் திருப்ப வேண்டியதில்லை. கை பொறுக்காத சூட்டில், ஆனால் கொதிக்காத வெந்நீரில் அரை நிமிடம் வைத்து நேராக்கி, பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தினால் நிற்கும். கட்டாமல் வைக்கப்போகும் கிட் என்றால் ஓட்டுக்கடியில் பரணில் போட வேண்டாம், கோடை வெப்பத்தில் நீளமான பாகங்கள் வளையும். டெகால் தாளை மட்டும் எடுத்து, சிலிகா ஜெல் பொட்டலத்தோடு சிப் பையில் மூடி, பீரோவுக்குள் படுக்கையாக வையுங்கள். மழைக்கால ஈரத்தில் மஞ்சளாகிப்போன தாளைச் சிப் பையோடு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிச் சில நாள் வெயில் காட்டினால் மஞ்சள் பெருமளவு வெளுக்கும். பசை போன தாளுக்கு மட்டும் வைத்தியம் இல்லை, அதற்குப் புதுத் தாள்தான் வாங்க வேண்டும்.